மூங்கில் பட்டறைக்குக் கடனும் மானியமும்: தென்காசி வாசகிக்கு ஒரு பதில்

வாசகியின் கடிதம்:

தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் மூன்று தலைமுறையாக மூங்கில் கூடை, சுளகு, பஞ்சாரம் முடைந்து வருகிறோம். எனக்கு வயது 41. எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். பாவூர்சத்திரம் சந்தைக்குப் பிளாஸ்டிக் பெட்டிகள் வந்த பிறகு கூடை எடுப்பது குறைந்துவிட்டதால், இரண்டு ஆண்டுகளாக விளக்குக் கூண்டு, பழத்தட்டு, பரிசுப் பெட்டி ஆகியவற்றைச் செய்து குற்றாலம் கடைகளுக்குக் கொடுக்கிறேன். வேலையைப் பெருக்க இயந்திரம் வாங்கலாம் என்று விலைப்புள்ளி வாங்கினேன். வெட்டும் இயந்திரம் 60,000, பிளக்கும் இயந்திரம் 95,000, உள்கணு நீக்கும் இயந்திரம் 85,000, சிம்பு (முடைவதற்கான மெல்லிய பட்டை) எடுக்கும் இயந்திரம் 1,80,000, ஆக மொத்தம் 4,20,000 ரூபாய். பிரதமர் பெயரிலான திட்டத்தில் 35 சதவீதம் மானியம் வாங்கித் தருவதாக ஓர் இடைத்தரகர் 15,000 ரூபாய் முன்பணமும், மானியத்தில் பத்தில் ஒரு பங்கும் கேட்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பிரவுசிங் சென்டரில் 500 ரூபாய் கொடுத்து உத்யம் என்ற அரசுத் தொழில் பதிவைச் செய்தேன். அதில் தொழில் தொடங்கிய ஆண்டு 2012 என்று இருக்கிறது. அதை ரத்து செய்துவிட்டுப் புதுத் தொழில் என்று காட்டலாம் என்கிறார் அவர். கொரோனா காலத்தில் ஒரு நுண்கடன் நிறுவனத்தில் நான்கு தவணை கட்ட முடியாமல் போய், பிறகு பேசி முடித்துக் கட்டிவிட்டேன். எனக்குக் கடன் கிடைக்குமா? எந்தத் திட்டம் பொருந்தும்? தொலைக்காட்சியில் சொல்லும் விஸ்வகர்மா திட்டம் எனக்கு உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வங்கிக் கிளைகளில் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் இயந்திரத்தின் விலை ரூபாய் சுத்தமாக இருக்கிறது. மானியத்தின் சதவீதமும் இருக்கிறது. மூங்கில் வாங்கும் பணத்துக்கான கணக்கு ஒரு வரிகூட இல்லை. கடனுக்கு விண்ணப்பிக்கும் முன் இந்த இடத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதால், அதற்குப் பின்னால் விரிவாக வருகிறேன். முதலில் இடைத்தரகர் விஷயத்தை முடித்துவிடுவோம்.

அவர் சொல்வது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம். 2008-இல் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்தை நாடு முழுவதற்கும் காதி கிராமத் தொழில் ஆணையம் பொறுப்பேற்று நடத்துகிறது. மாவட்ட அளவில் மாவட்டத் தொழில் மையத்தின் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். கிராமப்புறத்தில் தொழில் தொடங்கும் பெண்களுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம் என்பதும், சொந்தப் பணமாக 5 சதவீதம் போட்டால் போதும் என்பதும் உண்மைதான். ஆனால் அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டுமே உரிய திட்டம். 2012 முதல் தொழில் செய்கிறேன் என்று அரசுப் பதிவேட்டில் உங்கள் பெயரில் எழுதியிருக்கும்போது, அதை அழித்துவிட்டுப் புதுத் தொழில் என்று உறுதிமொழி எழுதிக் கொடுப்பது பொய்யான உறுதிமொழி. மானியம் வந்த பிறகு பட்டறையை நேரில் வந்து சரிபார்ப்பார்கள். பொய் தெரிந்தால் மானியத்தைத் திரும்பப் பெறுவார்கள். அப்போது தரகர் அங்கே இருக்க மாட்டார், கையெழுத்து உங்களுடையதாக இருக்கும். இந்த விண்ணப்பத்துக்கும் சரி, உத்யம் பதிவுக்கும் சரி, அரசு ஒரு பைசாகூடக் கட்டணம் வாங்குவதில்லை. பிரவுசிங் சென்டரில் நீங்கள் கொடுத்த 500 ரூபாய் முழுவதும் கணினியில் தட்டச்சு செய்த கூலி.

மானியம் என்ற சொல்லைக் கேட்டதும் கையில் வந்து சேரும் பணம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இந்தத் திட்டத்தில் மானியத் தொகை வங்கியிலேயே உங்கள் கடன் கணக்கோடு சேர்த்து வைப்புத் தொகையாக மூன்று ஆண்டுகள் உட்கார்ந்திருக்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் பகுதிக்கு உங்களிடமும் வட்டி வாங்கக் கூடாது. மூன்று ஆண்டு முடிந்து, தொழில் நடக்கிறது என்று உறுதியான பின்னரே அது கடனில் வரவு வைக்கப்படும். இடையில் பட்டறையை மூடினால் மானியமும் போய்விடும். ஆகவே மானியம் வந்ததும் தருகிறேன் என்று தரகருக்கு ஒப்புக்கொள்ளும் பத்தில் ஒரு பங்கை நீங்கள் கடன் பணத்திலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும், அதுவும் வட்டியோடு.

விஸ்வகர்மா திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 செப்டம்பர் 17-இல் மத்திய அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தின் 18 தொழில்களில் கூடை, பாய், துடைப்பம் செய்வோரும் உண்டு. 15,000 ரூபாய்க்குக் கருவிகள், 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சமும் பிறகு 2 லட்சமுமாகக் கடன் என்று அதன் சலுகைகள் நல்லவையே. குலத்தொழில் நிபந்தனையை நீக்க வேண்டும், குறைந்தபட்ச வயதை 35 ஆக்க வேண்டும், பயனாளியைச் சரிபார்க்கும் பொறுப்பை ஊராட்சித் தலைவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கு மாற்ற வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. அந்த மாற்றங்கள் ஏற்கப்படாததால், இப்போதுள்ள வடிவில் செயல்படுத்த இயலாது என்று 2024 நவம்பரில் தெரிவித்துவிட்டது.

அதன் பின்னர் 2025 ஏப்ரலில் மாநில அரசு தொடங்கியதுதான் கலைஞர் கைவினைத் திட்டம். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. 35 வயது நிறைந்தவர்களுக்கான திட்டம் இது; 25 தொழில்களின் பட்டியலில் கூடை முடைதலும், மூங்கில், பிரம்பு, பனை ஓலை வேலைகளும் இருக்கின்றன. ஏற்கெனவே செய்துவரும் தொழிலை விரிவுபடுத்துவதற்கும் வாங்கலாம் என்பதால் 2012 என்ற பதிவு இங்கே தடையாகாது. சொல்லப்போனால், இத்தனை ஆண்டு அனுபவத்துக்கு அதுவே சான்றாகும். கடன் 3 லட்சம் ரூபாய் வரை. மானியம் 25 சதவீதம், ஆனால் 50,000 ரூபாய்க்கு மேல் போகாது. வட்டியில் 5 சதவீதம் வரை அரசு ஏற்கும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2 லட்சத்துக்கு 25 சதவீதம் போட்டாலே 50,000 ஆகிவிடுகிறது. அதற்கு மேல் வாங்கும் மூன்றாவது லட்சத்துக்கு வட்டிச் சலுகை உண்டே தவிர, மானியம் கிடையாது. எனவே மூன்றாவது லட்சத்தை எதற்காக வாங்குகிறோம் என்பதற்குத் தெளிவான காரணம் வேண்டும். உங்கள் விஷயத்தில் காரணம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். விண்ணப்பிக்கும் நாளில் நடப்பு நிதியாண்டின் ஒதுக்கீடு என்ன, மானியம் எந்தக் கட்டத்தில் வரவு வைக்கப்படும் என்ற இரண்டையும் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆனால் இதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கதவு மூடிக்கொள்ளும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேறொரு திட்டத்தில் மானியம் வாங்கிய தொழில் அலகுக்குப் பிரதமரின் திட்டத்தில் பிறகு இடமில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அங்கே மானியம் என்பதும் விதி. உங்களுக்கு ஏற்கெனவே மூடிய கதவு என்பதால் இழப்பில்லை. கல்யாணமாகாத மகளோ தம்பியோ இனிமேல் தனியாகப் புதுத் தொழில் தொடங்க நினைத்தால், அவர்களுக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது, ஏனென்றால் அந்த விதியில் குடும்பம் என்பது கணவன் மனைவி இருவரை மட்டுமே குறிக்கும். ஆனால் உங்கள் பட்டறையையே அவர்கள் பெயரில் எழுதிக் காட்டுவதற்கு அதைப் பயன்படுத்த வேண்டாம்.

இனி மூங்கில் கணக்குக்கு வருகிறேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய ஒரு கிளையில் கூடை முடையும் குடும்பம் ஒன்றுக்கு இயந்திரக் கடன் கொடுத்தேன். விலைப்புள்ளிக்கு ஏற்ப முழுத் தொகையையும் விற்பனையாளருக்கே காசோலையாக எழுதினேன். மூங்கில் வாங்கப் பணம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனபோது, திண்ணையில் தார்ப்பாய் போர்த்திய இயந்திரத்தின் மேல் ஒரு பஞ்சாரம் இருந்தது. அதற்குள் அடைகாக்கும் கோழி. தவணை மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, கையால் முடைந்த கூடை விற்ற காசில். விசாரித்தபோது அந்த அம்மா சொன்ன கணக்கு எளிது. கையால் வேலை செய்தபோது ஒரு லோடு மூங்கில் ஒரு மாதம் வந்தது. இயந்திரம் அதைப் பத்து நாளில் தின்றுவிட்டது. பதினோராம் நாள் அடுத்த லோடு வாங்கக் காசில்லை, முதல் லோடின் பணமோ இன்னும் கடைக்காரரிடம் இருந்தது. தவறு அவர்களுடையது அல்ல, என்னுடையது.

உங்களுக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று பார்ப்போம். இவை நான் வைக்கும் எடுத்துக்காட்டு எண்கள். உங்கள் எண்களை இந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு லோடு மூங்கில் இறக்குகூலியுடன் 22,000 ரூபாய், இயந்திரம் வந்த பின் அது மூன்று வாரம் வரும், கடைக்காரர் சரக்கு எடுத்து 45 நாள் கழித்துப் பணம் தருகிறார் என்று கொள்வோம். மூங்கில் வாங்கிய நாளிலிருந்து அதன் காசு திரும்ப வருவதற்கு 66 நாள் ஆகிறது. அந்த 66 நாளும் வேலை நிற்காமல் இருக்கக் குறைந்தது மூன்று லோடுக்கான 66,000 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். உதவிக்கு இரண்டு பெண்கள் வந்தால் அவர்களின் கூலிக்கு 35,000 சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, ஏறக்குறைய 1 லட்சம் ரூபாய் எப்போதும் சுழற்சியில் இருந்தால்தான் இயந்திரம் ஓடும். வங்கிக்காரர்கள் இதை நடைமுறை மூலதனம் என்பார்கள். திட்ட அறிக்கையில் இதற்கு இடம் ஒதுக்கி எழுதினால் கடனிலேயே சேர்த்துக் கேட்கலாம்.

அதற்கு இடம் வேண்டுமென்றால் இயந்திரப் பட்டியல் குறைய வேண்டும். நான்கையும் ஒன்றாக வாங்க வேண்டும் என்று விற்பவர் சொல்வார். அது அவர் வியாபாரம். உங்கள் வேலையில் நேரம் எங்கே போகிறது என்று நீங்களே ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள். கழியை அளவுக்கு அறுப்பது கைரம்பத்தில் நடந்துவிடும். நட்சத்திரம் போல் அலகு வைத்த இரும்பு வளையத்தைக் கழியின் தலையில் வைத்து அடித்தால் ஒரே அடியில் ஆறு எட்டுப் பிளாச்சுகளாகப் பிளந்துவிடும். ஊரில் உள்ள கொல்லரே அதைச் செய்து தருவார். பிளாச்சைச் சீவி ஒரே கனத்தில் சிம்பு எடுப்பதில்தான் கையும் கண்ணும் ஓய்ந்து போகின்றன. விளக்குக் கூண்டுக்குச் சிம்பின் கனம் மாறினால் பின்னல் கோணிக்கொள்ளும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே சிம்பு எடுக்கும் இயந்திரம் 1,80,000, மின் இணைப்பும் பொருத்துதலும் 20,000, நடைமுறை மூலதனம் 1,00,000 என்று 3 லட்சத்துக்குள் திட்டத்தை அடக்குங்கள். மற்ற மூன்றை இரண்டாண்டு கழித்து உங்கள் லாபத்தில் வாங்கலாம், தேவைப்பட்டால். வங்கி திட்டச் செலவில் ஒரு சிறு பகுதியைச் சொந்தப் பணமாகப் போடச் சொல்லும். தரகருக்கு என்று எடுத்து வைத்திருக்கும் 15,000 ரூபாய் அதற்கு உதவும்.

மின் இணைப்பு என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன், ஆனால் அது பலரை இடறிவிடும் இடம். இயந்திரம் மும்முனை மின்சாரத்தில் ஓடுவதா, வீட்டு ஒருமுனை இணைப்பிலேயே ஓடுவதா என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வீட்டு இணைப்பில் தொழில் இயந்திரத்தை ஓட்டினால் மின்வாரியம் அபராதம் விதிக்கும். குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் 3-ஏ-1 என்ற தனிக் கட்டண வகை இருக்கிறது. உங்கள் உத்யம் சான்றிதழைக் காட்டி அந்த வகையில் இணைப்புக் கேளுங்கள்.

தவணை பற்றி: வட்டி 11 சதவீதம், அதில் 5 சதவீதம் அரசு ஏற்கிறது, மானியம் 50,000 கழிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டால், மீதி 2.5 லட்சத்துக்கு ஐந்தாண்டுத் தவணை மாதம் ஏறக்குறைய 4,800 ரூபாய். வட்டிச் சலுகை வரத் தாமதமானால் 5,450 வரை கட்டத் தயாராக இருக்க வேண்டும். குற்றாலம் சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, ஐயப்ப பக்தர்கள் செங்கோட்டை வழியாகப் போகும் காலம் கார்த்திகை, மார்கழி. வடகிழக்குப் பருவமழையில் சிம்பு காயாமல் பூஞ்சை பிடித்து வேலை பாதியாகும். இதையெல்லாம் விண்ணப்பத்தோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, முதல் தவணைக்கு ஆறு மாத அவகாசம் கேளுங்கள். கேட்பவர்களுக்குத்தான் கிளை மேலாளர் கொடுக்கிறார்.

நுண்கடன் பாக்கியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதுதான் உண்மையான இடையூறு. பேசி முடித்துக் கட்டினேன் என்றால், வட்டியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து ஒரே தொகையாக வாங்கியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கடன் தகவல் அறிக்கையில் அந்தக் கணக்கு முழுமையாக முடிந்தது என்று இருக்காது, சமரசமாக முடிக்கப்பட்டது என்று இருக்கும். வங்கி இந்த இரண்டையும் வேறு வேறாகவே பார்க்கும். நாட்டில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. சிபில் என்பது அதில் ஒன்றுதான். நுண்கடன்களை முழுமையாகப் பார்க்க, அதில் மற்றொன்றான கிரிஃப் ஹைமார்க்கின் அறிக்கையையும் எடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சமரசம் என்று இருந்தால், அந்த நிறுவனத்திடம் மீதித் தொகை எவ்வளவு என்று எழுதிக் கேட்டு, கட்ட முடிகிற தொகையானால் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்று வாங்குங்கள். கட்டிய பிறகும் பதிவு மாறவில்லையென்றால் புகார் செய்யுங்கள். 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். இந்த வேலை முடியும் முன் வங்கிக்குப் போக வேண்டாம், ஏனென்றால் ஒவ்வொரு கடன் விண்ணப்பமும் அந்த அறிக்கையில் பதிவாகிறது.

வங்கியில் பிணை கேட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்பதுண்டு. குறு, சிறு தொழில்களுக்கு நீங்கள் கேட்கும் அளவிலான சிறு கடனுக்குச் சொத்துப் பிணை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது. இதைச் சண்டையாக அல்லாமல் பணிவாகவே சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதி 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். மகளிர் சுய உதவிக் குழுவில் உறுப்பினராக இருந்தால், சீசனுக்கு முன் ஒரு லோடு மூங்கில் கூடுதலாக வாங்கிப் போட அந்தக் குழுக் கடனைப் பயன்படுத்துங்கள். மாதவட்டிக்கு வெளியில் வாங்குவதைவிட அது பல மடங்கு மலிவு.

45 நாள் கழித்துப் பணம் தரும் கடைக்காரரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழிலிடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம். தவறினால், பணத்தைக் கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்ற விதி 2023-24 நிதியாண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. முறையாகக் கணக்கு எழுதி வரி கட்டும் பெரிய கடைகளின் கணக்காளர்களுக்கு இது நன்றாகவே தெரியும். உங்கள் பில்லின் தலைப்பில் உத்யம் எண்ணை அச்சிட்டுக் கொடுங்கள். வேறொன்றும் பேச வேண்டியதில்லை. அருவிக்கரைத் தட்டுக் கடைக்காரரிடம் இது செல்லாது, அங்கே ரொக்கத்துக்கு மட்டும் கொடுங்கள்.

மூங்கில் வாங்கும்போது பில் வாங்கும் பழக்கத்தை இன்றைக்கே தொடங்குங்கள். 2017 இறுதியில் இந்திய வனச் சட்டத்தில் செய்த திருத்தத்தால், காட்டுக்கு வெளியே பட்டா நிலத்தில் வளரும் மூங்கில் மரம் என்ற வரையறையிலிருந்து நீங்கிவிட்டது. ஆனால் காட்டு மூங்கிலுக்கு வனத்துறை அனுமதி இன்னும் தேவை. கடன் தணிக்கைக்கு வருபவர் முதலில் கேட்பது மூங்கில் எங்கிருந்து வந்தது என்பதைத்தான். தோப்புக்காரரிடம் வாங்கினாலும் அவர் பெயர், கழி எண்ணிக்கை, தொகை ஆகியவற்றுடன் ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கட்டும்.

கடைசியாக, இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் வழக்கமாக வாங்கும் மூங்கிலில் ஐந்து கழியை, கல்மூங்கிலும் முள்மூங்கிலுமாக, விற்பவரின் கூடத்துக்கே எடுத்துச் செல்லுங்கள். அவர் காட்டும் வழவழப்பான மாதிரிக் கழியில் எல்லா இயந்திரமும் நன்றாகத்தான் ஓடும். உங்கள் கழியை உங்கள் கண் முன்னே ஓட்டச் சொல்லி, கணு வந்த இடத்தில் சிம்பு பிய்கிறதா, கனம் ஒரே சீராக வருகிறதா, நூறு அடிச் சிம்பில் எத்தனை அடி கழிவாகிறது என்று பாருங்கள். வந்த சிம்பை வீட்டுக்கு எடுத்து வந்து ஒரு விளக்குக் கூண்டு பின்னிப் பாருங்கள். அது கோணாமல் நின்றால் விலைப்புள்ளியில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகலாம்.